அலுவலகப் பொதுக் கோப்புறையை மாற்றியபோது நேர்ந்தவை: உறுப்பினர் அனுபவங்கள்

பதிப்பகப் பணியாளர், சென்னை:

எங்கள் பதிப்பகத்தில் பழைய விண்டோஸ் சர்வரின் ‘இசட் டிரைவ்’தான் நெடுங்காலமாக அனைவருக்கும் பொது அலமாரி. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு கோப்பைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அது மற்றவர் திருத்த முடியாதபடி பூட்டிக்கொள்ளும்; வடிவமைப்பாளர் பொறுமையிழந்து நகலெடுத்துத் திருத்துவார். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுவே இறுதி’ என ஒரே நூலுக்கு மூன்று கோப்புகள் சேர்ந்தது அப்படித்தான்.

2021இல் நாஸ் பெட்டி (அலுவலக வலையமைப்பில் இணைக்கும் பொதுச் சேமிப்பகம்) வாங்கி, ரோபோகாப்பி என்ற விண்டோஸ் நகலெடுப்புக் கருவி மூலம் எல்லாவற்றையும் நகர்த்தியபோது, சில கோப்புகள் மட்டும் பிழை காட்டி நின்றுவிட்டன. அவை யாவும் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, மெய்ப்பு எண் என அனைத்தையும் தமிழில் நீட்டி எழுதிய பெயர்களைக் கொண்டவை. விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகள் (எழுத்துகளும் அவற்றோடு சேரும் துணைக் குறிகளும்) வரை ஏற்கும். நாஸுக்குள் இருக்கும் லினக்ஸ் கோப்பமைப்போ 255 பைட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும். எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு தேவை. ‘கோ’ என்று எழுதினால் ககரமும் ஓகாரக் குறியுமாக 6 பைட்டு போய்விடும். ஆக, 85 குறிகளுக்கு மேல் இடமில்லை. ஆங்கிலத்தில் பெயரிடுவோர் இந்தச் சுவரில் முட்டுவது அரிது என்பதாலோ என்னவோ, பெட்டியை விற்றவருக்கும் காரணம் விளங்கவில்லை. பெயர்களைக் கையால் சுருக்கி முடித்தோம்.

கோப்புப் பூட்டு மட்டும் தீரவில்லை; நாஸும் விண்டோஸ் சர்வரைப் போல, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் அதே எஸ்எம்பி வழியில்தானே கோப்பைத் தருகிறது! இருவர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டியவற்றை மட்டும் பின்னர் மைக்ரோசாஃப்டின் இணையவழிப் பகிர்வுத் தளமான ஷேர்பாயின்ட்டுக்குக் கொண்டுபோனோம்.

தணிக்கை அலுவலக ஊழியர், திருப்பூர்:

2017 மே மாதம், கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியதும், அது நுழையும் வழியான எஸ்எம்பி 1ஐ (கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பை) எங்கள் சர்வரில் நிறுத்தினோம். மறுநாள் காலை, ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த எதுவும் கோப்புறைக்கு வந்து சேரவில்லை; அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டுமே. ஜூலை முதல் நாள் ஜிஎஸ்டி வரவிருந்ததால், வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் மேசையில் குவிந்துகிடந்த நேரம் அது. எஃப்டிபி என்ற வேறொரு கோப்பு அனுப்பும் முறை வழியாக ஒரு தனிக் கோப்புறைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும்வரை பென் டிரைவோடு அலைந்தோம்.

ஏற்றுமதி நிறுவன ஊழியர், கரூர்:

எங்கள் நாஸில் இரண்டு டிஸ்க்குகள் ரெய்டில் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும் அமைப்பில்) இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று நானும் நம்பியிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பையரின் (எங்களிடம் சரக்கு வாங்குபவரின்) கோப்புறை முழுவதையும் தவறுதலாக நீக்கியபோது, அது இரண்டு டிஸ்க்குகளிலிருந்தும் ஒரே நொடியில் மறைந்தது. நல்ல வேளை, நாஸில் மணிக்கு ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்துக் கோப்பு நிலையின் பதிவு) எடுக்கும்படி முந்தைய வாரம்தான் அமைத்திருந்தோம். பிற்பகல் ஒரு மணிப் பதிவிலிருந்து கோப்புறை மீண்டது; அதற்குப் பின் செய்த நாற்பது நிமிட வேலையை மட்டும் மறுபடி செய்தோம்.