மூட்டுவலிக்குச் சீன மூலிகை மாத்திரை: அம்மாவுக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா?

தறிவீட்டுப் பெண், அம்மாபேட்டை:

வணக்கம். எங்கள் வீட்டில் பட்டுத் தறி. மிதித்து மிதித்து அம்மாவின் முட்டி தேய்ந்துபோய்விட்டது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, மலேசியாவின் ஜோகூர் போனபோது ஒரு கடையில் சீன மூலிகை மாத்திரை வாங்கி, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பினான். பிளாஸ்டிக் பை, முழுக்கச் சீன எழுத்து, உள்ளே கறுப்பு உருண்டைகளும் கூடவே ஒரு கேப்சூலும்.

இரண்டாம் நாளே அம்மா மாடிப்படி ஏறிவிட்டார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் வந்தார். பசி கூடியிருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, "மகராசி பூசினாற்போல் ஆகிவிட்டாள்" என்று தெருவே சொல்கிறது. சர்க்கரை மட்டும் ஏறிவிட்டதால் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். சீன மருந்து விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. திட்டுவார் என்று அம்மாவுக்குப் பயம். பை தீரப்போகிறது. தம்பி இன்னும் அனுப்பட்டுமா என்கிறான். சீன மருந்தை நம்பலாமா?

கருமந்துறைக்காரன்:

அம்மணி, வலி போய்விட்டது, பசி எடுக்கிறது, அப்புறம் என்ன கேள்வி? பச்சிலையில் பக்கவிளைவு ஏது? இங்கிலீஷ் மருந்துதான் ஒன்றைத் தீர்த்து ஒன்பதைக் கொடுக்கும்.

செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடை:

பக்கவிளைவு இல்லாத மூலிகை என்று ஒன்றும் எங்கள் கடையில் கிடையாது. அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருமலுக்கு நல்லது, ஆனால் தினமும் அதிகமாகத் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். கொதிப்பு உள்ளவர்கள் கேட்டால் கால் கிலோவாகக் கட்டிக் கொடுக்க மாட்டேன். சீன மருந்துக் கலவைகளில் பாதிக்கு மேல் அதிமதுரம் சேரும் என்று படித்திருக்கிறேன். சீனச் சரக்கு நமக்குப் புதிதும் இல்லை. சித்த மருந்தில் சேரும் பறங்கிப்பட்டை அந்தப் பக்கத்துக் கிழங்குதான்.

முழுச் சரக்காக இருந்தால் ஒடித்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். உருண்டையாக உருட்டிவிட்டால் சிவனே வந்தாலும் சொல்ல முடியாது. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ஏற்காடு:

கடைக்காரர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. அம்மா, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வருடக்கணக்காகத் தேய்ந்த முட்டி இரண்டே நாளில் மாடி ஏறுகிறது, கன்னம் உப்புகிறது, பசி அடங்கவில்லை, சர்க்கரை எகிறுகிறது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மூலிகை தெரியவில்லை, ஸ்டீராய்டு தெரிகிறது. மூலிகை என்று விற்கும் மூட்டுவலி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்ட சங்கதி. நம் ஊர் லேகியங்களிலும் இந்த வேலை நடக்கிறது, சீனாவை மட்டும் குறை சொல்ல வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதனால் பை தீரும்வரை காத்திருக்கவும் கூடாது. நாளைக்கே போங்கள். திட்டினால் திட்டட்டும்.

இனி "சீன மருந்தை நம்பலாமா" என்ற கேள்வி. அரசு மருத்துவமனை மருந்துக் கிடங்கில் என் கையாலேயே ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதன் மூலம் சீனச் செடி, நம் மாசிபத்திரிக்குச் சொந்தம். டு யூயூ என்ற சீன விஞ்ஞானி அம்மையார் பழைய ஏடு ஒன்றில், அதை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் பார்த்து, கொதிக்க வைத்தால் சத்து போய்விடுகிறது என்று ஊகித்தார். ஈதர் என்ற கரைப்பானில் குறைந்த சூட்டில் பிரித்தார். 1972இல் ஆர்ட்டிசுனேட்டுக்கு மூலமான ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு. மலேரியாவில் சாகவிருந்த எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது. ஏட்டில் இருந்ததோடு விட்டுவிடாமல் பிரித்து, அளந்து, சோதித்ததால் வந்த நம்பிக்கை.

அதே மருத்துவத்தின் இன்னொரு கதை பிரஸ்ஸல்ஸில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் சீன மூலிகை கொடுத்தார்கள். பெயர் ஒத்துப்போன வேறொரு வேர், அரிஸ்டலோக்கியா இனத்தது, மாறி வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். தைவான் 2003இல் அந்த வகை மூலிகைகளைத் தடை செய்தது. கருமந்துறைக்காரருக்கு ஒரு வார்த்தை: உங்கள் வரப்பிலிருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டலோக்கியாதான். சிறுநீரகத்தைக் கெடுத்த அதே அரிஸ்டலோக்கிக் அமிலம் அதிலும் உண்டு. பச்சிலைக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

ஆத்தூரான், சிங்கப்பூர்:

இங்கே சீன மருத்துவரே பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடியும். அதற்கென்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாத்திரையாக விற்கும் சீன மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிடுகிறது. பாதரசம், ஈயம், ஆர்சனிக் ஆகியவற்றுக்கு அளவு வைத்திருக்கிறது. இங்கிலீஷ் மருந்து கலக்கவே கூடாது. பட்டியலில் இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை, கலப்படத்துக்கு ஒரு காவல் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் தம்பி வாங்கியதோ எல்லை தாண்டி. ஸ்டீராய்டு கலந்த வலி மாத்திரை என்று ஆணையம் எச்சரிக்கும்போதெல்லாம் "வெளிநாட்டில் வாங்கியது, நண்பர் கொடுத்தது" என்றுதான் பெரும்பாலும் வரும். தம்பியிடம் மீதிப் பை இருந்தால் யாருக்கும் கொடுக்காமல் ஆணையத்துக்குத் தகவல் தரச் சொல்லுங்கள்.

கருமந்துறைக்காரன்:

மருந்தாளுநர் ஐயா, ஆடுதீண்டாப்பாளையை எங்கள் பாட்டன் காலத்திலிருந்து தேள்கடிக்குக் கொடுக்கிறோம். யாரும் சாகவில்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ஏற்காடு:

தேள் கடித்த அன்றைக்குச் சாகவில்லை. பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் போனால் அதையும் தேளையும் யார் முடிச்சுப் போடுவார்?

தறிவீட்டுப் பெண், அம்மாபேட்டை:

ஐயா, படிக்கும்போதே கை நடுங்கியது. காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். எதை எடுத்துப் போக வேண்டும்? நாளைய வேளை மாத்திரையைக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ஏற்காடு:

பயப்படாதீர்கள், சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். பையை அப்படியே எடுத்துப் போங்கள். கறுப்பு உருண்டையையும் கேப்சூலையும் பிரித்து வேறு டப்பாவில் போட வேண்டாம். அட்ரீனல் சுரக்கும் கார்டிசாலை அளக்கும் ரத்தப் பரிசோதனை காலை எட்டு மணி வாக்கில் எடுப்பது வழக்கம். அதனால் சீக்கிரம் கிளம்புங்கள். காலை வேளையைக் கொடுக்கலாமா என்பதை டாக்டரிடமே முதலில் கேளுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும், ஸ்டீராய்டு குறையும்போது அதையும் குறைக்க வேண்டிவரும். இன்றிரவே வாந்தியோ கிறுகிறுப்போ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக "ஸ்டீராய்டு கலந்த மாத்திரையாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள்.