டிவிடியை எம்பி4 ஆக மாற்றும்போது குரல் பின்தங்குகிறது: எப்படிச் சரிசெய்வது?

தண்டையார்பேட்டை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு திருமண ஒளிப்பதிவுகள் டிவிடி வட்டுகளாக இருக்கின்றன. ஒன்று 2005-இல் பழைய வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் நடந்த என் அக்காவின் திருமணம். அதை ஸ்டூடியோக்காரரே டிவிடியாகப் போட்டுக் கொடுத்தார். மற்றொன்று 1994-இல் நடந்த சித்தப்பாவின் திருமணம். அது விஎச்எஸ் கேசட்டில் இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கினோம். இவற்றைப் பென்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கும், வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்குக் கொடுப்பதற்கும் எம்பி4 கோப்புகளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வட்டுக்குள் படமும் ஒலியும் சேர்ந்திருந்த விஓபி கோப்புகளை இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் தனித்தனியாக மாற்றி, பிறகு அவற்றை ஒன்றாக இணைத்தேன். அக்கா திருமணத்தின் தொடக்கத்தில் ஒளியும் ஒலியும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் தாலி கட்டும் இடத்துக்கு வரும்போது, தவில்காரரின் கை மேலே எழுந்த பிறகுதான் அடியின் சத்தம் கேட்கிறது. சித்தப்பா திருமணத்தில் இது இன்னும் மோசம். கடைசியில் பெரியவர்கள் வாழ்த்திப் பேசும் பகுதியில் வாய் மூடிய பிறகு குரல் வருகிறது. ஒலியை அரை விநாடி முன்னால் நகர்த்தினால் போதும் என்று தம்பி சொன்னதைக் கேட்டு நகர்த்திப் பார்த்தேன். பின்பகுதி ஓரளவு சேர்ந்தது, முன்பகுதி கெட்டுவிட்டது. இரண்டு வட்டுகளுக்கும் ஒரே தீர்வு இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எடிட்டிங் மேசை எழுதியது:

வணக்கம் சகோதரி. வடசென்னையில் திருமண ஒளிப்பதிவுகளைத் தொகுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதையும் நகர்த்துவதற்கு முன்பு, ஒலி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும், அந்த விலகல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் விலகல் ஒரே அளவாக இருந்தால், ஒரு நகர்த்தலில் வேலை முடிந்துவிடும். சிறிது சிறிதாகச் சீராக வளர்ந்தால் அது சாய்தளம்; ஓரிடம் வரை சரியாக இருந்து திடீரென்று மாறினால் அது படிக்கட்டு. இவை மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. உங்கள் தம்பி சொன்னது முதல் வகைக்கான மருந்து.

அளப்பதற்கு விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயர் போதும். விண்டோஸ் கணினியில் படம் ஓடும்போது ஜே விசையை அழுத்தினால் ஒலி 50 மில்லிவிநாடி முன்னால் வரும். கே விசையை அழுத்தினால் அதே அளவு பின்னால் போகும். உதட்டசைவும் குரலும் சேரும் வரை ஜே விசையைத் தட்டிக்கொண்டே போங்கள். சேர்ந்த இடத்தில் திரையில் தெரியும் எண்தான் விலகலின் அளவு. நம் திருமணப் படங்களில் பாதி நேரம் ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டை மேலே ஏற்றியிருப்பார். அங்கே அளப்பதில் பொருளில்லை. மேடைப் பேச்சு, மந்திரம் ஓதும் வாய், தவிலில் கோல் விழும் கணம் ஆகிய இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மில்லிவிநாடி சுத்தமாக வர வேண்டும் என்று அல்லாட வேண்டாம். ஒலி 40 மில்லிவிநாடிக்கு மேல் முந்தக் கூடாது, 60 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தக் கூடாது என்பதுதான் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை; நம் வட்டுகளில் விநாடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்பதால், 40 மில்லிவிநாடி என்பது ஒரே ஒரு சட்டகம்தான்.

இன்னொரு சோதனையும் அவசியம். மூல வட்டுகளையே டிவிடி பிளேயரில் போட்டுப் பாருங்கள். அரசு கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சி வீட்டில் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அதுவே இதற்கு மிகவும் பொருத்தமானது, ஏனென்றால் படக்குழாய்த் தொலைக்காட்சி படத்தை வாங்கிய உடனே காட்டிவிடும். இன்றைய தட்டைத் திரைகளோ படத்தைப் பதப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கின்றன, புளூடூத் ஒலிபெருக்கி இணைத்திருந்தால் ஒலி இன்னும் தாமதமாகும், அந்தத் தாமதத்தை வட்டின் குற்றமாக எண்ணிவிடக் கூடாது.

தண்டையார்பேட்டை மகள் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடி அளந்தேன். அக்கா திருமணத்தில் 20-ஆம் நிமிடம் வரை விலகலே இல்லை. 26-ஆம் நிமிடத்தில் 500 மில்லிவிநாடி, 40-ஆம் நிமிடத்திலும் அதே 500. 50-ஆம் நிமிடத்தில் 300, 70-ஆம் நிமிடத்திலும் 300. போகப் போக அதிகமாகிறது என்று நான் நினைத்திருந்தேன், உண்மையில் நடுவில் குறைந்திருக்கிறது. சித்தப்பா திருமணத்தில் 15-ஆம் நிமிடத்தில் 450, 30-இல் 900, 60-இல் 1800, 90-இல் 2700. எல்லா இடங்களிலும் ஒலிதான் பிந்துகிறது. மாமா வீட்டுப் பழைய தொலைக்காட்சியில் மூல வட்டுகளைப் போட்டுப் பார்த்தபோது அக்கா வட்டு மிகச் சரியாக ஓடியது; சித்தப்பா வட்டில் அங்கேயும் இதே கோளாறு இருந்தது.

எடிட்டிங் மேசை எழுதியது:

இவ்வளவு தெளிவாக அளந்து கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அக்கா வட்டில் குறையில்லை. மாற்றிய முறையில்தான் இருக்கிறது. சித்தப்பா வட்டிலோ, கேசட்டிலிருந்து எடுத்த நாளிலேயே கோளாறு ஏறிவிட்டது.

முதலில் அக்கா வட்டு. டிவிடியில் ஒரு படம் தொடர்ச்சியாக ஓடினாலும், கோப்பு 1 ஜிபியை எட்டும் இடங்களில் அடுத்த விஓபி தொடங்கிவிடும். அந்த வெட்டு கோப்பின் அளவை மட்டும் பார்த்து விழுவது. காட்சி எங்கே முடிகிறது, பேச்சு எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. விநாடிக்கு ஏறத்தாழ 6 மெகாபிட் வேகத்தில் பதிந்த வட்டில் ஒரு கோப்பு சுமார் 24 நிமிடம் நிற்கும். உங்கள் அளவுகள் 20-க்கும் 26-க்கும் நடுவிலும், 40-க்கும் 50-க்கும் நடுவிலும் மாறியிருப்பதைப் பாருங்கள். அவை இந்த வெட்டுகளோடு ஒத்துப்போகின்றன.

வெட்டிய இடத்தில் விலகல் ஏன் பிறக்கிறது என்றால், கோப்புக்குள் படத் தரவும் ஒலித் தரவும் ஒரே நேரத்துக்கு உரியவையாகப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. படத்தை விரித்தெடுக்க நேரம் வேண்டும் என்பதால் அதன் தரவு முன்கூட்டியே வந்துவிடும். அதற்கு உரிய ஒலி சற்றுத் தள்ளி வரும். ஆகவே இரண்டாவது கோப்பின் தலைப்பில் இருக்கும் ஒலி, அங்கே இருக்கும் படத்தைவிடச் சிறிது முந்தைய கணத்துக்கு உரியது. போதாக்குறைக்கு, மற்றச் சட்டகங்களின் துணையில்லாமல் தானாகவே விரியும் முழுச் சட்டகம் ஒன்று கிடைக்கும் வரை படத்தைக் காட்ட இயலாது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை வட்டில் முழுச் சட்டகம் வழக்கமாக 12 அல்லது 15 சட்டகங்களுக்கு ஒரு முறைதான் வரும். இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு துண்டுத் தரவின் மேலும் நேர முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல், முதலில் கிடைத்த ஒலியையும் முதலில் கிடைத்த படத்தையும் சுழியத்தில் நிறுத்தும் மென்பொருளிடம் கோப்பைத் தனியாகக் கொடுத்தால், ஒலி பிந்தும். அந்த அளவு வெட்டு விழுந்த இடத்தைப் பொறுத்தது. அதனால்தான் உங்களுக்கு ஓரிடத்தில் 500, மற்றோரிடத்தில் 300.

எனவே மாற்றிய எம்பி4 கோப்புகளை விட்டுவிட்டு வட்டுக்கே திரும்புங்கள். விஓபி கோப்புகளைத் தனித்தனியாகத் தொடாதீர்கள். மேக்எம்கேவி மென்பொருளில் வட்டு முழுவதையும் திறந்தால், எந்தப் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி என்பதை வட்டின் வரிசைக் குறிப்பான ஐஎஃப்ஓ கோப்பிலிருந்து படித்து, படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் ஒரே எம்கேவி கோப்பாக எடுத்துக் கொடுக்கும். அதை ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இனி சித்தப்பா வட்டு. 15 நிமிடத்துக்கு 450 என்ற கணக்கில் கோடு போட்டதுபோல வளர்கிறது. பதிவின்போது சட்டகங்கள் விட்டுப்போயிருந்தால் விலகல் இப்படிச் சீராக வந்திருக்காது, கேசட் மோசமாக இருந்த இடங்களில் குதித்திருக்கும். இது பெரும்பாலும் இரண்டு கடிகாரங்களின் தகராறு: அந்தக் காலத்தில் படத்தைக் கேப்சர் கார்டு வழியாகவும் ஒலியைக் கணினியின் சவுண்ட் கார்டு வழியாகவும் எடுப்பார்கள்; இரண்டும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடும். விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்) எடுக்க வேண்டிய சவுண்ட் கார்டு 48,024 எடுத்தால், பிறகு 48,000 வேகத்தில் ஓட்டும்போது ஒலி 0.05 விழுக்காடு நீண்டுவிடும். ஒரு மணி நேரத்தில் அது 1.8 விநாடி, நீங்கள் அளந்ததும் அதுவே.

இதையும் மேக்எம்கேவியில் எம்கேவியாக எடுத்து, எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் திறந்து, படத் தடத்தைத் தேர்ந்தெடுத்து, நீட்டல் அளவு கேட்கும் பெட்டியில் 1.0005 என்று கொடுங்கள். ஒலித் தடத்தில் இந்த எண்ணைக் கொடுக்க வேண்டாம். அந்த மென்பொருளின் கையேடே இதைப் படத்துக்கும் துணையெழுத்துக்கும் பயன்படுத்தலாம், ஒலிக்கு வேண்டாம் என்கிறது. டிவிடியில் வழக்கமாக இருக்கும் ஏசி3 வகை ஒலியின் ஒவ்வொரு சட்டகமும் 32 மில்லிவிநாடி என்று கட்டிவைத்தது, நேர முத்திரையை மட்டும் மாற்றினால் பிளேயருக்குப் பிளேயர் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். படம் விநாடிக்கு 25 சட்டகங்களுக்குப் பதிலாக 24.9875 என்று ஓடுவதை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணூர்க் காற்று எழுதியது:

நண்பர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அக்கா திருமணத்தின் எம்பி4 துண்டுகள் கையில் இருக்கும்போது, இணைப்பதற்கு முன்பு இரண்டாவது துண்டில் ஒலியை 500, மூன்றாவதில் 300 முன்னால் இழுத்தாலே போதுமே. வட்டு கீறல் விழுந்து திரும்பப் படிக்க முடியாத நிலையில் இருந்தால் அதுதான் ஒரே வழியும்கூட.

கீறல் விழுந்த வட்டு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிக்க முடியாத இடத்தைச் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அப்போது அங்கேயே ஒரு புதுப் படிக்கட்டு பிறக்கும். அப்படிப்பட்ட வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முதலில் முழு ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது வட்டு முழுவதன் ஒரே நகல் கோப்பாக எடுத்துவிட்டு, அந்தப் பிம்பத்திலிருந்து மாற்றுவது நல்லது. படிக்க முடியாத இடங்களை அது மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். ஒரு டிரைவில் கிடைக்காத பகுதி மற்றொரு டிரைவில் கிடைப்பதும் உண்டு.

எடிட்டிங் மேசை எழுதியது:

வட்டு படிக்கவே இல்லை என்றால் நீங்கள் சொல்வதுதான் வழி, மறுக்கவில்லை. ஆனால் இங்கே வட்டு நன்றாக ஓடுகிறது. துண்டுகளில் ஒலியை நகர்த்தினாலும், முழுச் சட்டகம் கிடைக்காமல் ஒவ்வொரு வெட்டிலும் போன படம் திரும்ப வராது. இணைப்பில் ஒரு வெட்டல் தெரியும். அந்த வெட்டு மாங்கல்யதாரணத்தின்மீது விழுந்தால் வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை மகள் எழுதியது:

இரண்டும் சரியாகிவிட்டன. அக்கா படத்தில் எங்கே வைத்துப் பார்த்தாலும் தவிலடி சேர்ந்து வருகிறது. சித்தப்பா படத்தில் 1.0005 கொடுத்த பிறகு கடைசி வாழ்த்துரை வரை விலகல் இல்லை. ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது: அக்கா படத்தின் எம்கேவி கோப்பைப் பென்டிரைவில் நகலெடுக்கப் போனால், இடம் காலியாக இருந்தும் கோப்பு பெரியது என்று கணினி மறுக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் போட்ட எம்பி4 ஏறிவிட்டது, ஆனால் ஆட்கள் வேகமாக நகரும் இடங்களில் ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரிகின்றன.

பெரம்பூர் ரயிலடி எழுதியது:

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழுதாக நிரம்பிய ஓரடுக்கு டிவிடி அதைவிடச் சற்றுப் பெரியது. பென்டிரைவில் இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம். ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில அதைப் படிப்பதில்லை. எனவே உறவினர்களுக்குக் கொடுப்பதற்கு எம்பி4 தான் பாதுகாப்பானது.

சீப்புப் பற்கள் தெரிவதற்குக் காரணம், அந்தக் காலத்துக் கேமராக்கள் ஒரு சட்டகத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாக வெவ்வேறு கணங்களில் எடுத்ததுதான். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் அல்லது டீகோம்ப் வசதியை இயக்கி மறுபடி மாற்றுங்கள். வீடியோ பக்கத்தில் சட்டக வேகத்தை மூலத்தில் உள்ளபடியே விட்டுவிடுங்கள். சித்தப்பா படத்துக்கு அங்கே நிலையான 25 என்று கொடுத்தாலும் ஒலி விலகாது. 80 விநாடிக்கு ஒரு சட்டகம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். எம்பி4 தயாரான பிறகு எம்கேவி கோப்புகளை அழித்துவிடாமல் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வையுங்கள், ஏனென்றால் எழுதப்பட்ட டிவிடி வட்டுகளின் சாயப் பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது, இந்த வட்டுகள் இன்னும் சில ஆண்டுகள் கழித்து இதேபோல் படிக்கும் என்று நம்புவதற்கில்லை.