புது லாரிக்கு டீசல் துணியா, வேக்ஸா?

பர்கூர்க்காரன்:
வண்டி வந்து இன்றோடு 28 நாள். கேபின் சிவப்பு, பாடி நாமக்கல்லில் கட்டியது, பிரவுன். கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு சென்னை துறைமுகம் போய்வருகிறது. எங்கள் டிரைவர் அண்ணாவுக்கு 22 வருட சர்வீஸ். தினமும் காலையில் பனியன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து, கேபின் முழுக்க ஒரு துடை துடைப்பார். துடைத்ததும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். வாணியம்பாடி தாண்டுவதற்குள் புழுதி அப்பி, மாவு மில்லில் வேலை பார்த்தவன் மாதிரி ஆகிவிடும். "டீசல் வேண்டாம்ணா, ஷாம்பு போட்டுக் கழுவி வேக்ஸ் போடலாம்" என்றேன். "அப்படியே பவுடர் போட்டுப் பொட்டும் வைத்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் சொல்வது சரி?

தொப்பூர் இறக்கம்:
உங்கள் டிரைவர் சொல்வதுதான் சரி தம்பி. நான் ஸ்டியரிங் பிடித்து 31 வருடம் ஆகிறது. நம் பக்கத்து போர் தண்ணீரில் லாரியைக் கழுவிப் பாருங்கள். காய்ந்ததும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஃபுளோரைடு தண்ணீர், பெயின்ட்டையே அரித்துவிடும். டீசலில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரு டம்ளர் போதும், ஐந்து நிமிட வேலை. எந்தப் பெயின்ட்டும் கெட்டு நான் பார்த்ததில்லை.

பட்டி பெயின்ட்:
தர்மபுரியில் லாரி டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. டீசல் துடைத்து வருவது பளபளப்பே இல்லை, ஈரம். கருங்கல்லில் தண்ணீர் ஊற்றினால்கூடத்தான் மின்னும். டீசல் லேசில் ஆவியாகாது. எண்ணெய்ப் படலமாக நிற்கும். போகிற வழியில் இருக்கிற புழுதி எல்லாம் அதில் வந்து உட்காரும். மாவு மில் கதை அதுதான். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கும் நாளாக நாளாக ஊதித் தளர்ந்துவிடும்.

எனக்கு டீசலைவிடப் பயம் அந்தத் துணிதான். இந்த வண்டி ஏற்றுவது கிரானைட். கிரானைட் தூளில் இருக்கிற குவார்ட்ஸ் இரும்பு ஆணியைவிடக் கடினம். கேபின் மேல் நிறத்துக்கு மேலே அடித்திருக்கிற கிளியர் கோட், அதாவது நிறமில்லாப் பூச்சு, தலைமுடி தடிமன்கூட வராது. கல் தூசி படிந்த கதவைக் கழுவாமல் துணி போட்டுத் தேய்ப்பது, உப்புத்தாள் போடுகிற மாதிரி. காலை வெயிலில் கதவைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, ஃபுளோரைடு பெயின்ட்டை அரிக்காது. அது பல்லுக்கும் எலும்புக்கும் வந்த கேடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். வெள்ளைப் புள்ளி கால்சியம், மக்னீசியம் உப்பு. உப்புத் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் புள்ளி விழத்தான் செய்யும். காய்வதற்குள் துடைத்துவிட்டால் விழாது.

டிப்பர் மாமா:
இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா? இது லாரியா, பெண் பார்க்கப் போகிற காரா? 2 வருடத்தில் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) வரும். எப்படியும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கத்தான் போகிறீர்கள். அந்தக் காசில் பிரேக் லைனிங்கைப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பெயின்ட் மின்னுகிறதா என்று எமன் பார்க்க மாட்டான்.

பர்கூர்க்காரன்:
மாமா, பிரேக் பார்ப்பதும் வண்டி கழுவுவதும் ஒன்றுக்கொன்று சண்டையா? 5 வருடம் கழித்து விற்கும்போது கம்பெனிப் பெயின்ட் அப்படியே இருக்கிற கேபினுக்கும், மேலே அடித்த கேபினுக்கும் விலை வித்தியாசம் உண்டு. வாங்க வருகிறவன் முதலில் கதவு ஓரத்தைத்தான் தடவிப் பார்க்கிறான், எங்கேயாவது இடித்திருக்குமோ என்று.

ஓசூர் பளபளா:
நண்பர்களே, செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். என் காருக்குப் போட்டிருக்கிறேன்.

டிப்பர் மாமா:
உங்கள் காரை ஒரு நாள் எங்கள் குவாரிக்குள் விட்டுக் காட்டுங்கள். அப்புறம் பேசுவோம்.

பட்டி பெயின்ட்:
செராமிக் நல்ல சரக்குதான், வேக்ஸைவிட ரொம்ப நாள் நிற்கும். ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான். முன்னால் போகிற டிப்பரிலிருந்து தெறிக்கிற ஜல்லியை அது தடுக்காது. முகப்பில் கல் அடி வாங்கிக்கொண்டே இருக்கிற வண்டிக்கு அவ்வளவு செலவு எதற்கு?

தம்பி, உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு பெயின்ட். கேபின் தொழிற்சாலையில் 100 டிகிரிக்கு மேல் சூட்டில் சுட்டது. ஷோரூமிலிருந்து வந்த அன்றே வேக்ஸ் போடலாம். பாடி, கூண்டு கட்டுகிற பட்டறையில் அடித்துக் காற்றில் காய்ந்தது. உள்ளே இருக்கிற தின்னர் முழுதாக வெளியேற ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். அதுவரை அதற்கு வேக்ஸும் வேண்டாம், டீசல் கண்டிப்பாக வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் துளி பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை.

தொப்பூர் இறக்கம்:
பட்டறைக்காரர் நிழலில் உட்கார்ந்து பேசுகிறார். நான் ஒன்று கேட்கிறேன். லோடு இறக்கக் காத்திருக்கிற இடத்தில் குடிக்கவே தண்ணீர் கிடைக்காது. இரண்டு பக்கெட்டுக்கு எங்கே போவது? முன்பு கிளீனர் இருந்தான், கழுவினான். இப்போது பாதி வண்டியில் டிரைவர் மட்டும்தான்; 'கிளீனர் பக்கம்' என்கிற பேர்தான் மிச்சம். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, விடிகாலையில் ஷாம்பு நுரை கலக்கச் சொல்கிறீர்கள். பேட்டாவில் அதற்குக் கூலி சேர்த்திருக்கிறீர்களா தம்பி?

பர்கூர்க்காரன்:
இல்லைண்ணா. அதை நான் யோசிக்கவே இல்லை.

பட்டி பெயின்ட்:
இதில் அண்ணா பக்கம்தான் நியாயம். தினமும் கழுவச் சொல்லவில்லை. வழியில் தூசியைத் தொடவே வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். துடைக்காத தூசி கீறாது. வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வரும்போது வாட்டர் சர்வீஸில் விடுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கணும். அப்புறம்தான் ஷாம்பு, மேலிருந்து கீழே. துணி துவைக்கிற பவுடர் போட விடாதீர்கள், போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். ரிஃப்ளெக்டர் டேப் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைக் கிட்டே பிடித்தால் டேப் உரிந்துவரும், எஃப்சியில் வம்பு.

மூன்று விஷயத்துக்கு மட்டும் வாரம் காத்திருக்கக் கூடாது. ராத்திரி ஓட்டத்தில் முகப்பில் அடிபடுகிற ஈசல், பறவை எச்சம், ஆட்புளூ. பிஎஸ்6 (புதுப் புகை விதி) வண்டிதானே? ஆட்புளூ என்பது புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியாக் கரைசல். அதன் டேங்க் நிரப்பும்போது வழிந்து காய்ந்தால் உப்பு மாதிரி வெள்ளையாகக் கட்டும். ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினாலே போய்விடும். மாமரத்தடியில் நிறுத்துவதையும் விடுங்கள். மாம்பால் தோலில் பட்டாலே புண்ணாகும், பெயின்ட்டை மட்டும் விட்டுவைக்குமா?

பர்கூர்க்காரன்:
பூஜை போட்ட அன்று வைத்த மஞ்சள் இன்னும் பம்பர் மேலே இருக்கிறது. அம்மா துடைக்க விட மாட்டேன் என்கிறார்.

பட்டி பெயின்ட்:
மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், தானே வெளுத்துவிடும். அம்மாவோடு சண்டை போடாதீர்கள். முகப்பில் கட்டுகிற மாலையைத்தான் பார்க்கணும். காய்ந்த மாலையின் நாரும் கம்பியும் காற்றில் அடித்து அடித்து ஒரே இடத்தில் கோடு போட்டுவிடும்.

பர்கூர்க்காரன் (11 நாள் கழித்து):
டிரைவர் அண்ணாவிடம் பந்தயம் கட்டினேன். அவர் பக்கத்துக் கதவு அவர் இஷ்டம், டீசல். கிளீனர் பக்கத்துக் கதவு என் இஷ்டம். கழுவி, நிழலில் நிறுத்தி, தகடு ஆறியதும் மெல்லிசாக வேக்ஸ் போட்டேன். அதற்கு முன்னால் வெள்ளைத் துணிச் சோதனையும் செய்தேன்: கேபினில் துணி வெள்ளையாகவே இருந்தது, பாடியில் பிரவுன் ஏறிவிட்டது. கழுவுகிற அன்றைக்குப் பேட்டாவோடு தனியாக ஒரு தொகையும் பேசிக் கொடுத்தேன்.

சென்னை போய்த் திரும்பி வந்து பார்த்தோம். டீசல் கதவில் என் பையன் விரலால் பெயரே எழுதினான். வேக்ஸ் கதவில் தூசி இருந்தது, ஆனால் தண்ணீர் பட்டதும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. ஒன்றை மறைக்கக் கூடாது: என் கதவிலும் கைப்பிடிக்குக் கீழே ஏழெட்டு வெள்ளைப் புள்ளி. துறைமுகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

தொப்பூர் இறக்கம்:
புள்ளியை நான் முதலிலேயே சொன்னேன்.

பட்டி பெயின்ட்:
சொன்னீர்கள் அண்ணா. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் ஒற்றி, உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள் தம்பி. புதுப்புள்ளி போய்விடும்.

பர்கூர்க்காரன்:
சரிண்ணா. இன்னொரு சிக்கல். நேற்று நான் இல்லாத நேரத்தில் டிரைவர் அண்ணாவே மிச்ச வேக்ஸை எடுத்து முழு வண்டிக்கும் போட்டிருக்கிறார், கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் உட்பட. இப்போது பம்பர் முழுக்கத் திட்டுத்திட்டாக விபூதி பூசின மாதிரி நிற்கிறது. அதற்கு என்ன செய்வது?

தொப்பூர் இறக்கம்:
டீசலில் துடைக்கச் சொல்லுங்கள் தம்பி.