71 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா? அவசரம்

ஐயாறு வண்டி:
வணக்கம். வண்டி கொதிக்கிறது. 71 டிகிரியில் பெர்ஃபார்மன்ஸ் தெர்மோஸ்டாட் ஒன்று இணையத்தில் பார்த்தேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைச் சீக்கிரம் திறந்துவிடுமாம். இங்கே கடையில் 82தான் இருக்கிறது. எதை வாங்க? ஞாயிறு அண்ணன் மகள் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான், சீக்கிரம் சொல்லுங்கள்.

மன்னை 1489:
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சூடேறுகிறதா, ரோட்டில் ஓடும்போதா?

குடந்தை பத்மினி:
தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றி எறியுங்கள். நம் வெயிலுக்கு அது எதற்கு? என் ஃபியட்டில் பல வருடமாக இல்லை.

பழைய இரும்பு:
இந்தக் கேள்வியை மாதம் ஒருவர் கேட்கிறார், ஒருவரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது. எவ்வளவு ஏறலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. 82 என்று அடித்திருந்தால் அங்கே திறக்கத் தொடங்கும், இன்னும் 10, 15 டிகிரி ஏறினால் முழுசாகத் திறந்துவிடும். டெம்பரேச்சர் முள் அதையும் தாண்டிப் போகிறதென்றால் 71 போட்டாலும் அதே இடத்துக்குத்தான் போகும், கொஞ்சம் தாமதமாக. முதலில் பழையதைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் கயிற்றில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இதுகூடச் செய்யாமல் பொருள் வாங்கக் கிளம்பாதீர்கள்.

ஐயாறு வண்டி:
அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். ரோட்டில்தான். தஞ்சாவூர் தாண்டி 60ல் பிடித்தால் கால் மணி நேரத்தில் முள் ஏறிவிடுகிறது. கழற்றிப் பார்க்க அதில் தெர்மோஸ்டாட் இல்லை, போன வருடமே மெக்கானிக் எடுத்துவிட்டார்.

மன்னை 1489:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணே! தெர்மோஸ்டாட்டே இல்லாமல் கொதிக்கிறதென்றால், எப்போதும் முழுசாகத் திறந்திருக்கிற வழியிலேயே கொதிக்கிறது. அதைவிடச் சீக்கிரம் எந்த தெர்மோஸ்டாட் திறக்கும்? மெதுவாகப் போகையில் ஏறினால் ஃபேன், பெல்ட் பக்கம் பார்க்கலாம். வேகத்தில் ஏறினால் எனக்கு ரேடியேட்டர் மேல்தான் சந்தேகம், இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

குடந்தை பத்மினி:
தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. அதனால் இருக்கலாம்.

பழைய இரும்பு:
மேலேதான் கழற்றி எறியச் சொன்னீர்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் சூடு கூடுதலாகத்தான் வெளியேறும். கழற்றுவதில் உள்ள கெடுதல் வேறு: இன்ஜின் சூடேற நேரமாகும், அதுவரை பெட்ரோல் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் தேயும்.

ஐயாறு வண்டி:
தண்ணீர் போர்வெல்தான். வண்டி அப்பாவோடு நாகப்பட்டினத்தில் ரொம்ப நாள் இருந்தது, அங்கேயும் போர்வெல்தான்.

மன்னை 1489:
உப்பு. கடலோரப் போர்வெல் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். பட்டறையில் கொடுத்து மேல் டேங்கைப் பிரித்து, கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். 7 பவுண்டு மூடி அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 110 தாண்டித்தான் கொதிக்கும். அப்புறம் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றி, 82ஐயே மாட்டுங்கள், சூட்டில் விரிந்து அதைத் திறக்கிற மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் பார்க்க இருக்க வேண்டும்.

திருவாரூர் தடம்:
அந்தக் காலத்தில் வாய்க்காலில் மொண்டு ஊற்றிக்கொண்டு ஓட்டினோம், ஒன்றும் ஆனதில்லை. காவிரித் தண்ணீரில் உப்பு ஏது?

பழைய இரும்பு:
வண்டல் இருக்கிறதே. ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வருகிற முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அடியைப் பாருங்கள்.

திருவாரூர் தடம்:
அது வயலுக்கு உரம் ஐயா. புதுத்தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள்.

பழைய இரும்பு:
வயலுக்கு உரம்தான், யார் இல்லை என்றது? ரேடியேட்டரில் என்ன நெல்லா விளைகிறது?

குடந்தை பத்மினி:
ஆற்று நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றலாமே.

ஐயாறு வண்டி:
ரேடியேட்டர் பிரித்தாயிற்று. பாதிக்கு மேல் குழாய் அடைப்பு. 82 வாங்கிவிட்டேன். மண்டப வேலை இருக்கிறது, மன்னை தம்பிக்கு நன்றி.

மன்னை 1489:
அழைப்பில் வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில்தான் போகும், ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். பெல்ட் தளர்வு பார்த்தீர்களா?