ஊட்டியில் 16 பேருக்கு நாலு நாள் சாப்பாடு: யோசனை வேண்டும்

வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். அப்பா, அம்மா, பெரியப்பா வீடு, இரண்டு அத்தைகள், பிள்ளைகள் என்று மொத்தம் 16 பேர். சமையலறையோடு வீடு எடுத்தாச்சு, இ-பாஸும் வாங்கியாச்சு. சாப்பாடுதான் கவலை.

போன முறை மூன்று வேளையும் ஓட்டல்தான். எல்லாருக்கும் இடம் கிடைக்க ஒரு மணி நேரம் நின்றோம். அப்பாவுக்குச் சர்க்கரை. பசியில் அவர் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் இந்த முறை காலையும் இரவும் நாங்களே சமைக்கிறோம். மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் மாவு சீக்கிரம் புளிக்காது. கோவையிலிருந்தே புளித்த மாவு கொண்டுபோனால் மலைப்பாதையில் பொங்கி வழியுமா? தண்ணீர் அங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. குக்கரில் எத்தனை விசில் கூடுதலாக விடுவீர்கள்? ஒரு வேளைக்கு இரண்டு கிலோ அரிசி போதுமா? கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு அங்கேயே வாங்கிக்கொள்வோம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. அத்தைகள் இருவரும் வருஷம் முழுக்க அடுப்படியில் நிற்பவர்கள். அங்கேயும் அவர்கள் அதையே செய்யக் கூடாது. ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற மாதிரி சுலபமான சமையல் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து சமைத்துத் தருபவர்களை ஊட்டியில் எப்படித் தேடுவது என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.