மறு: சைட்டேஷனுக்கு 'சுட்டுகை' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பெங்களூர் அல்சூர்ல அடுத்த மாசம் முடக்குவாதம் (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) பத்தி பேச வர்ற ருமட்டாலஜி, அதாவது மூட்டு நோய், டாக்டருக்கு தமிழ்ல அறிமுகக் குறிப்பு நான்தான் எழுதறேன், அவரோட ஆய்வுக் கட்டுரைகள், சைட்டேஷன் (மத்தவங்க தங்க கட்டுரையில இவர் கட்டுரையைக் காட்டறது), அதை வெச்சுக் கணக்கிடற ஹெச்-இன்டெக்ஸ் எல்லாம் அதுல வரணும், அதுக்காகத்தான் சைட்டேஷனுக்கு 'சுட்டுகை'ன்னு தமிழ்ல வைக்கலாமான்னு இந்தப் பேச்சையே எடுத்தேன்.

> மேற்கோள்னு ஏற்கனவே புழங்குதே, அதையே வெச்சுக்கலாமே

அக்கா, டெல்லியில உங்க மாணவர்கள் அப்படித்தான் எழுதறாங்கன்னு புரியுது. ஆனா மேற்கோள்னா ஒருத்தர் சொன்னதை அவர் வார்த்தையிலயே எடுத்துக் காட்டறது, நம்ம உரையாசிரியர்கள் குறளை எடுத்துப் போடுவாங்களே அது. மருத்துவக் கட்டுரையில அது நடக்கறது ரொம்ப அபூர்வம். 2010ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியும் ஐரோப்பாவோட யூலார்ங்கற ருமட்டாலஜி அமைப்பும் சேர்ந்து முடக்குவாதத்தை வகைப்படுத்த ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தாங்க. எத்தனை மூட்டு, சின்ன மூட்டா பெரிய மூட்டா, ரத்தத்துல ஆர்.எஃப்., ஆன்டி-சிசிபிங்கற எதிர்ப்பான்கள் இருக்கா, அழற்சியைக் காட்டற இ.எஸ்.ஆர். இல்ல சி.ஆர்.பி. ஏறியிருக்கா, தொந்தரவு ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆயிடுச்சா, இதெல்லாம் கூட்டி 10க்கு 6 இல்ல அதுக்கு மேல வந்தா முடக்குவாதம். அப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகள்ல 'இந்த முறைப்படி நோயாளிகளைச் சேர்த்தோம்'னு ஒரு வரி, பக்கத்துல ஒரு நம்பர், அவ்ளோதான். அதுலேர்ந்து ஒரு வார்த்தையைக்கூட எடுத்துப் போடறதில்ல, அங்க இருக்கு பாருன்னு காட்டறாங்க. (இந்தக் கட்டுரை ரெண்டு பத்திரிகையில ஒரே சமயத்துல வந்துச்சு, அதனால எண்ணிக்கையும் ரெண்டா பிரியும், பட்டியல் போடறவங்க கவனிக்கணும்.)

> அப்போ சான்று?

அண்ணா, சான்று ஏற்கனவே எவிடென்ஸுக்குப் போயிடுச்சு, சான்றுசார் மருத்துவம்னு எழுதிட்டிருக்கோம். அதைவிடப் பெரிய சிக்கல், சைட் பண்ணாலே ஒத்துக்கிட்டதா ஆகாது. 2020ல கோவிட்டுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கேக்கும்னு பிரான்ஸ்லேர்ந்து ஒரு கட்டுரை வந்துச்சே, லூபஸ் (உடம்போட நோயெதிர்ப்பு உடம்பையே தாக்கற நோய்) நோயாளிங்க வழக்கமா போடற அதே மாத்திரை கடையில கிடைக்காம அலைஞ்சாங்களே, அந்தக் கட்டுரையை ஆயிரக்கணக்கானவங்க சைட் பண்ணாங்க, அதுல தப்புன்னு சொல்றதுக்காக பண்ணவங்களும் ஏகப்பட்ட பேர். கடைசியில 2024 டிசம்பர்ல பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுச்சு. இதை எப்படி சான்றுன்னு எண்றது?

சுட்டுன்னு மட்டும் வெச்சா 'சுட்ட கட்டுரை'ன்னு படிச்சு திருடினதுன்னு அர்த்தம் பண்ணிடுவாங்க, ஆய்வாளருக்கு அதைவிட அவமானம் இல்ல. அதனால சுட்டுகை. தன் கட்டுரையைத் தானே காட்டிக்கிட்டா தற்சுட்டுகை, மொத்தத்துக்கு சுட்டுகை எண்ணிக்கை. வினையா எழுதும்போது 'சுட்டியிருக்காங்க'ன்னு யி விடாம எழுதணும், விட்டா பழையபடி திருட்டுதான்.

ஹெச்-இன்டெக்ஸுக்கு ஹெச்-எண் போதும். 2005ல ஹிர்ஷ்ங்கற இயற்பியலாளர் சொன்னது. ஒருத்தரோட அஞ்சு கட்டுரைக்கு 90, 40, 12, 5, 4 சுட்டுகைன்னு வெச்சுக்கோங்க, நாலு கட்டுரைக்கு குறைஞ்சது நாலு இருக்கு, அஞ்சாவதுக்கு அஞ்சு இல்ல, அதனால ஹெச்-எண் 4. அந்த 90ங்கறது நாளைக்கே 900 ஆனாலும் இது நகராது. இன்டெக்ஸுக்கு குறியீட்டெண்னு போட்டா விலைவாசி ஞாபகம்தான் வரும்.

ஸ்கோப்பஸ்ங்கற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்துல ஒரு எண்ணிக்கை, கூகுள் ஸ்காலர்ல அதைவிடக் கூட வரும், அதனால எங்க எடுத்தது, எந்தத் தேதின்னு சேர்த்தே போடப் போறேன்.

குறிப்புல வரி இப்படி: 'இவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் சுட்டிய எண்ணிக்கை, தற்சுட்டுகை நீங்கலாக…'. 'நீங்கலாக' சரியா, 'தவிர்த்து' வேணுமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அதுக்கப்புறம் அச்சுக்குப் போயிடும்.