திடப்படுத்தல் வகுப்பில் "தேவனுடைய பிள்ளைகள்" பாடம்: நடத்துகிறவர்கள் பகிரவும்

திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்:

இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் தேவனுடைய பிள்ளைகளாகும் உரிமை பெறுகிறார்கள் என்கிற யோவான் 1:12-ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத பிள்ளை, சபையில் முழு அங்கத்தினராகத் தயாராகும் நம் திடப்படுத்தல் வகுப்புகளில் அபூர்வம். "அப்படியானால் நீ தேவனுடைய பிள்ளையா?" என்று கேட்டால்தான் தலை குனிகிறது. "ஒழுங்கா ஜெபம் பண்றதில்ல சார்", "போன வாரம்கூடப் பொய் சொல்லிட்டேன்" என்று பதில் வருகிறது. வசனம் வாயில் இருக்கிறது. உள்ளே கூலிக் கணக்குதான் ஓடுகிறது. இந்தப் பாடத்தில் நீங்கள் எதையெல்லாம் சந்திக்கிறீர்கள், எப்படிக் கையாளுகிறீர்கள் என்று எழுதுங்கள். நான் லூக்கா 15-ல் தொடங்குகிறேன்.

சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன், அதைக் கண்டு கோபப்படும் மூத்த மகன் என்று வரும் கெட்ட குமாரன் உவமையை முதலிலிருந்து வாசித்தால் பிள்ளைகள் காது கொடுப்பதில்லை, ஞாயிறு பள்ளியிலேயே பலதடவை கேட்டது. 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் மட்டும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இளையவன் வழியில் தயார் செய்துகொண்ட பேச்சில் மூன்று பகுதி உண்டு: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தகப்பன் முன்னால் நின்று அவன் சொன்னது முதல் இரண்டு மட்டுமே. "மூன்றாவது எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பொறுத்தால் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்: "அதுக்குள்ள அப்பா வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிட்டாரே!" அந்தப் பதிலை ஆசிரியரே சொல்லிவிட்டால் பாடம் பாதி போச்சு.

ஒரு மணி நேர வகுப்பில் இளையவனுக்கு 25 நிமிஷத்துக்குமேல் கொடுக்காதீர்கள். மூத்தவனுக்கு நேரமே இல்லாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு மூத்தவன்தான் கண்ணாடி. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று கணக்குப் போடுகிறான், வீட்டுக்குள்ளேயே இருந்தும் கூலிக்காரனாக வாழ்ந்தவன். 30-ஆம் வசனத்தில் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான், தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. தகப்பன் 32-ல் "உன் சகோதரனாகிய இவன்" என்று திருத்துகிறார். இந்த இரண்டு வசனங்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் ஆளுக்கொரு தாள். நான்கு வரியில் ஒரு ஜெபம், பெயர் வேண்டாம், தாளை நாம் வாங்கவும் வேண்டாம். "நான் இதைச் செய்கிறேன், நீர் அதைச் செய்யும்" என்று பேரம் பேசும் இடம் இருந்தால் அவர்களே கோடு போடட்டும்.

விடுதியில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்:

விடுதிப் பிள்ளைகளிடம் இதே பாடம் வேறு மாதிரி முட்டும். "உங்க அப்பா உங்களை எவ்வளவு நேசிக்கிறார், அப்படித்தான் தேவனும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறை அமைதியாகிவிடும். சிலருக்கு அப்பா இல்லை, சிலருக்குக் குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா. அப்பாவின் படத்தை வரையச் சொல்வது, அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொல்வது போன்ற பயிற்சிகளை இங்கே அறவே தவிர்க்க வேண்டும்.

மனிதத் தகப்பனிலிருந்து தேவனுக்குப் போகாமல், இயேசுவிலிருந்து தொடங்குங்கள். யோர்தானில் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து வந்த சத்தத்தை வாசியுங்கள். "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்று பிதா சொன்ன நேரத்தில் இயேசு ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை என்பதைக் காட்டுங்கள். பிறகு யோவான் 17:23. பிதா தம்மில் அன்பாயிருக்கிறதுபோலவே அவர்களிலும் அன்பாயிருக்கிறார் என்று இயேசுவே சொல்கிறார். அதற்கப்புறம் சங்கீதம் 27:10. தகப்பனும் தாயும் கைவிடுவது நடக்கக்கூடியது என்று வேதமே ஒத்துக்கொள்வதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏசாயா 66:13-ல் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்று இருக்கிறது, அம்மாவை மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு அது வாசல்.

ஒரு எச்சரிக்கை. "இனி நான்தான் உனக்கு ஆவிக்குரிய அப்பா" என்று எந்த ஊழியரும் சொல்லக் கூடாது. மத்தேயு 23:9 அதை நேராகவே தடுக்கிறது. பாசத்துக்கு ஏங்குகிற பிள்ளையை ஒருவர் கைக்குள் போட்டுக்கொள்ள அந்த வார்த்தை வழி திறந்துவிடும். தனியாகப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும்.

இறையியல் கல்லூரியில் படிப்பிக்கும் போதகர்:

புத்திரசுவிகாரம், அதாவது தேவன் நம்மைத் தத்தெடுத்துப் பிள்ளைகளாக்குவது, பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் ரோமச் சட்டத்தை எடுத்துக்கொள்வது நல்லதே. பவுல் அதை எழுதியது ரோமர், கலாத்தியர், எபேசியர் நிருபங்களில். மூன்றும் ரோம ஆட்சிக்குட்பட்ட மக்களுக்குப் போனவை. ரோமருக்குக் கடிதம் போன கி.பி. 57 வாக்கில் ரோமச் சிங்காசனத்தில் இருந்த நீரோவே தத்துப்பிள்ளைதான். முந்திய பேரரசர் கிலவுதியு அவனைச் சுவீகரித்தது கி.பி. 50-ல். கிலவுதியுவுக்குப் பெற்ற மகன் ஒருவன் இருந்தும் பட்டம் தத்துமகனுக்குப் போனது. இந்தச் செய்தி தெரிந்த ஊரில்தான் "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" (சுதந்தரர் என்றால் வாரிசுகள்) என்ற ரோமர் 8:17 வரி வாசிக்கப்பட்டது. இன்னொன்று, ரோமர் தத்தெடுத்தது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களை. தொட்டில் குழந்தையை அல்ல. பேரும் சொத்தும் தொடர்வதற்காகச் செய்த ஏற்பாடு அது.

திருத்த வேண்டியது ஒன்று. "ரோமச் சட்டப்படி பெற்ற பிள்ளையைத் தள்ளிவிடலாம், தத்துப்பிள்ளையைத் தள்ளவே முடியாது" என்று பல மேடைகளில் சொல்கிறார்கள். அது சரியில்லை. பேரரசர் அகுஸ்து கி.பி. 4-ல், தனக்குப்பின் பட்டத்துக்கு வந்த திபேரியுவோடு சேர்த்துத் தன் பேரன் அக்ரிப்பா போஸ்துமுவையும் தத்தெடுத்தார். சில வருஷத்துக்குள் அவனைக் குடும்பத்திலிருந்து விலக்கித் தீவுக்கு அனுப்பிவிட்டார். நம் நிச்சயத்தை ரோமச் சட்டத்தின்மேல் கட்டினால் சரித்திரம் படித்த ஒரு வாலிபன் ஒரே கேள்வியில் அதைச் சாய்த்துவிடுவான். ரோமர் 8 அந்த நிச்சயத்தை வைப்பது ஆவியானவரின் சாட்சியிலும், தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் ஒப்புக்கொடுத்தவரிலும். அங்கேயே வையுங்கள்.

"இயேசு ஒரேபேறான (ஒரே) குமாரன் என்றால் நாங்கள் எப்படிப் பிள்ளைகள்?" என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். 1563-ல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகளின் விசுவாசப் பாடநூலான ஹைடல்பர்க் வினாவிடையின் 33-ஆம் கேள்வி இதேதான். கிறிஸ்து மட்டுமே நித்திய, இயல்பான குமாரன். நாம் அவர்நிமித்தம் கிருபையால் சுவீகரிக்கப்பட்டவர்கள். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. "எல்லா மனுஷரும் தேவனுடைய பிள்ளைகள்தானே?" என்றால் அப்போஸ்தலர் 17:28-ஐத் திறந்து, படைப்பால் எல்லாரும் அவருடைய சந்ததியார் என்பதை முதலில் மனதார ஒத்துக்கொள்ளுங்கள். யோவான் 1:12 சொல்வது அதற்குமேல் வருகிற உறவு. பக்கத்து வீட்டாரைத் தாழ்த்துவதற்கு அந்த வசனத்தை எடுக்கக் கூடாது.

குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல்:

போதகர் ரோமச் சட்டம் சொன்னார், நம் ஊர்ச் சட்டமே இந்தப் பாடத்துக்கு நன்றாக உதவும். 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. சீக்கியர், பௌத்தர், சமணரும் அதில் அடங்குவர். கிறிஸ்தவர்களுக்குத் தனிச்சட்டம் இல்லாததால், பெரும்பாலும் 1890-ஆம் ஆண்டு கார்டியன் (காப்பாளர்) சட்டத்தின்கீழ்தான் குழந்தையை வளர்த்தார்கள். வளர்த்தவர் கார்டியன், குழந்தை வயது வந்ததும் அந்த உறவு சட்டப்படி முடிந்தது. உயில் எழுதாமல் இறந்தால் வாரிசுரிமை இல்லை. சிறார் நீதிச் சட்டம் வந்தபிறகே நிலை மாறியது. இப்போதுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எல்லா வகையிலும், வாரிசுரிமை உட்பட, அந்தப் பெற்றோரின் பிள்ளை. கலாத்தியர் 4-ல் விசாரணைக்காரருக்கு (காப்பாளருக்கு) கீழ் இருப்பதற்கும் சுதந்தரனாய் இருப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவைத்து விளக்கினால் பெரியவர்களுக்கும் பிடிபடும்.

வகுப்பில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கலாம். பாடத்துக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பெற்றோரிடம், பிள்ளைக்கு விஷயம் தெரியுமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "சொந்தப் பிள்ளை, தத்துப்பிள்ளை" என்று பிரித்துப் பேச வேண்டாம். "பெற்ற பிள்ளை" என்றால் யாரையும் குத்தாது.

வாலிபர் கூட்டப் பொறுப்பாளர்:

"ராஜாவின் பிள்ளைக்குத் தோல்வியே இல்லை" என்று முழங்கி வளர்ந்தவர்கள், வேலை போனதும் வட்டிக் கடன் கழுத்தை நெரித்ததும் முதலில் சந்தேகப்படுவது தாங்கள் பிள்ளைதானா என்பதையே. ரோமர் 8:17-ஐப் பாதியில் நிறுத்தி மனப்பாடம் பண்ண வைப்பதன் விளைவு இது. "அவருடனேகூடப் பாடுபட்டால் அப்படியாகும்" என்ற முடிவுவரை சொல்ல வையுங்கள். 23-ஆம் வசனத்தில் புத்திரசுவிகாரம் இன்னும் வரவேண்டியதாகவும் இருக்கிறது, அதற்காகக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறார் பவுல். தவிப்பு பிள்ளைகளுக்கு உரியதே என்று தெரிந்தால் பலர் கூட்டத்தைவிட்டுப் போகமாட்டார்கள்.

கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியை:

எங்கள் பக்கம் வயது வந்தோர் திருமுழுக்குத் தயாரிப்பில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத்தில் "விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" செபத்தை அவர்களிடம் முறையாக ஒப்படைப்பார்கள். நான்காம் நூற்றாண்டுத் திருச்சபையிலும் இந்தச் செபம் திருமுழுக்கையொட்டியே கற்பிக்கப்பட்டது. கடவுளைத் தந்தை என்று அழைப்பது பிள்ளைகளின் உரிமை, அந்த உரிமை தண்ணீரில் கிடைக்கிறது என்பது பொருள். ஈஸ்டருக்கு முந்திய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, வெள்ளை ஆடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் முடிந்து, அதே இரவில் சபையோடு சேர்ந்து அந்தச் செபத்தைச் சொல்வார்கள்.

நடைமுறையில் இடறுவது இங்கேதான்: வருகிறவர்களுக்கு அந்தச் செபம் ஏற்கெனவே தெரியும், பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பார்கள். அதனால் ஒப்படைப்பு வெறும் சடங்காகிவிடும். முந்திய வாரமே ஒவ்வொரு வரியாகப் பிரித்து, "எங்கள்" என்று இருக்கிறதே, இதில் யார் யார் அடக்கம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சண்டைபோட்டுப் பிரிந்த அண்ணனும் அதில் அடக்கமா என்ற கேள்வி அங்கே எழும்.

கிராமச் சபைப் போதகர்:

முதல் தலைமுறை விசுவாசிகளிடம் "குடும்பம்" என்ற சொல்லே ரணம். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகமுடியுமா, அப்பா இறந்தால் கொள்ளி வைக்கச் சொல்வார்களே என்ன செய்வது, தங்கை கல்யாணத்தில் எங்கே நிற்பது என்றுதான் கேட்கிறார்கள். மாற்கு 10:29-30-ஐ வாசித்துக் காட்டுங்கள். விட்டுவந்ததில் தகப்பன் இருக்கிறார். திரும்பக் கிடைப்பதில் வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள் உண்டு, தகப்பன் இல்லை. தகப்பன் ஒருவரே, அவர் மேலே. தாய்களாகவும் சகோதரராகவும் சபைதான் நிற்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன்பே இரண்டு வீட்டாரைப் பொறுப்பாக்கி, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைக்கவும், காய்ச்சல் என்றால் ஓடிப்போகவும் ஏற்பாடு செய்துவிடுங்கள். பெற்ற குடும்பத்தை வெட்டிவிட்டு வா என்று யாரும் சொல்லக் கூடாது. தாயைப் பார்க்கப் போகிறவனைச் சபை சந்தேகத்தோடு பார்த்தால் அவன் இரண்டு இடத்திலும் அந்நியன்.

பெயர் மாற்றச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். புதிய ஏற்பாட்டில் வரும் அப்பொல்லோ, பெபேயாள், எப்பாப்பிரோதீத்து எல்லாமே கிரேக்கத் தெய்வங்களின் பெயரை ஒட்டியவை. அவர்கள் அதே பெயரோடு சபையில் ஊழியம் செய்தார்கள். பெயர் மாற்றியே தீருவேன் என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்குப்பின் சான்றிதழ், வங்கி, ஆதார் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

பட்டியல் சாதியிலிருந்து வருகிறவரிடம் இதையும் மறைக்கக் கூடாது: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். தெரிந்து முடிவெடுக்கட்டும்.

திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்:

கிராமப் போதகர் அய்யா சொன்னதோடு சேர்த்து இதையும் எழுதிவிடுகிறேன். கலாத்தியர் 3:26-ல் நீங்களெல்லாரும் தேவனுடைய புத்திரர் என்று சொன்ன பவுல், இரண்டே வசனம் தள்ளி யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்கிறார். இந்த இரண்டையும் பிரித்தே படித்த வரலாறு நமக்கு இருக்கிறது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று எழுதியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள், நடுவில் சுவர், இரண்டும் சேருமிடத்தில் ஒரே பீடம். ஊரார் அதைக் கால்சட்டைக் கோவில் என்றே சொன்னார்கள். சுவரை இடித்தது 1910-ல். இந்தச் சரித்திரத்தை மறைத்துவிட்டுப் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை நம்பாது. அதற்குத் தெரிந்த சுவர்கள் இன்னும் இருக்கின்றன.

அதனால் பாடத்தின் இரண்டாம் பகுதியை சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசன விருந்தில் வைப்பது நல்லது. பிள்ளைகளைப் பரிமாறவும் கவனிக்கவும் சொல்லுங்கள்: யார் வெங்காயம் உரிக்கிறார்கள், கரண்டி யார் கையில், முதல் பந்தியில் யார், இலை எடுப்பது யார். கண்டதை அடுத்த வகுப்பில் பேசட்டும். ஆசிரியர் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டாம். பேசியது கமிட்டிக்கும் போகவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பேசியது வீண்.

கல்லறைத் தோட்டத்தில் தனித்தனிப் பகுதியை எடுத்துவிட்டுப் பொது வரிசை கொண்டுவந்த சபைகள் இருந்தால், தீர்மானத்தை என்ன வாசகத்தில் எழுதினீர்கள், பழைய குடும்பக் கல்லறைகளை என்ன செய்தீர்கள் என்று இங்கே போடுங்கள். எங்கள் பிள்ளைகள் அடுத்து அதைத்தான் கேட்கிறார்கள்.